மின்சார ரைஸ் குக்கரின் வரலாறு

மின்சார ரைஸ் குக்கர் என்பது அரிசியையும் தண்ணீரையும் இட்டு விசையை அழுத்தினால், சோறு வெந்தவுடன் தானாகவே நின்றுவிடும் சமையல் கருவி ஆகும். வீடுகளில் பரவலாகப் பயன்பட்ட முதல் தானியங்கி ரைஸ் குக்கர் 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதை வெளியிட்டது தோஷிபா நிறுவனம். வடிவமைத்தவர் தோக்கியோவில் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்திவந்த யோஷிததா மினாமி. அதற்கு வேண்டிய சமையல் சோதனைகளைச் செய்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ மினாமி.

மின்சாரத்தைக் கொண்டு அரிசியை வேகவைப்பதை 1955க்கு முன்பே பலர் செய்து காட்டியிருந்தனர். சோறு வெந்துவிட்டது என்பதை ஒரு கருவி எப்படி அறிந்துகொள்ளும் என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்காமல் இருந்தது. அதுவரை அந்த அறிவு அடுப்படியில் நின்ற பெண்களின் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் இருந்தது. அதை உலோகத்துக்கு மாற்றிய முயற்சியே ரைஸ் குக்கரின் வரலாறு. இந்த வரலாற்றை அறிந்தால் இன்று கடையில் நல்ல குக்கரைத் தேர்ந்தெடுப்பதும், வீட்டில் அதை முறையாகப் பயன்படுத்துவதும் எளிதாகும்.

விறகடுப்புக் காலம்

ஜப்பானிய மொழியில் ‘கோஹான்’ என்ற சொல் வெந்த சோற்றையும் குறிக்கும், உணவு வேளையையும் குறிக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘சோறு தின்றாயா?’ என்று கேட்டால் ‘உணவு உண்டாயா?’ என்று பொருள்படுவது போன்றதே இது.

ஜப்பானிய வீடுகளில் மண்ணாலோ செங்கல்லாலோ கட்டப்பட்ட ‘கமாதோ’ என்னும் அடுப்பு இருந்தது. அதன் மேல் ‘ஹகமா’ என்னும் இரும்புப் பானையை வைப்பார்கள். பானையின் நடுப்பகுதியைச் சுற்றி விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு அடுப்பின் வாயில் பொருந்தி, அனல் வீணாகாமல் தடுக்கும். மேலே கனமான மரமூடி இருக்கும்.

ஜப்பானியர் கஞ்சியை வடிப்பதில்லை. அரிசிக்கு ஏற்ப அளந்து ஊற்றிய தண்ணீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். தண்ணீர் கூடினால் சோறு குழையும். குறைந்தால் நடுவில் அரிசியாக நிற்கும். தீ ஒரு நிமிடம் கூடுதலாக எரிந்தால் அடி தீய்ந்துவிடும். தொடக்கத்தில் இளந்தீ, பிறகு பெருந்தீ, பிறகு மீண்டும் தணிந்த தீ, கடைசியில் தணலில் வைத்துப் புழுங்கவிடுதல் என்று படிகள் இருந்தன. இவற்றைத் தாய் மகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை அழுதாலும் இடையில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதும் அந்த அறிவுரையில் ஒன்று.

காலைச் சோற்றுக்காக வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்தார்கள். விறகை மூட்டி, ஊதி, சோறு இறங்கும் வரை அடுப்பை விட்டு நகராமல் நின்றார்கள். பல வீடுகளில் இந்த வேலை ஒரு நாளைக்கு 2 முறை, 3 முறைகூட நடந்தது. நகரங்களில் எரிவாயு அடுப்பு வந்தபின் புகை குறைந்தது. ஆனால் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை குறையவில்லை.

தொடக்ககால முயற்சிகள்

1923ஆம் ஆண்டிலேயே மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் கப்பல் சமையலறைகளுக்காக மின்சாரத்தில் சோறாக்கும் கருவி ஒன்றைச் செய்தது. 1937ஆம் ஆண்டுக்குரிய ஜப்பானியத் தரைப்படையின் சமையல் வண்டி ஒன்றிலும் மின்சார முறை இருந்தது. அதில் மரப்பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உலோகத் தகடுகளைப் பொருத்தி, அரிசியும் தண்ணீரும் கலந்த கலவைக்குள் மின்சாரத்தை நேரடியாகச் செலுத்தினார்கள். கலவையின் மின்தடையால் வெப்பம் உண்டாகி அரிசி வெந்தது. தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் தடை கூடி மின்னோட்டம் தானாகவே குறைந்தது. படைக்கு இது உதவியது. ஆனால் மின் அதிர்ச்சி ஏற்படும் ஆபத்து இருந்ததால் வீட்டுக்கு இது ஏற்றதன்று.

இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டு முடிந்தபோது ஜப்பானின் ஆயுதத் தொழிற்சாலைகள் நின்றுபோயின. அவற்றுக்குச் சென்றுகொண்டிருந்த மின்சாரம் மிஞ்சியது. விறகும் கரியும் கிடைப்பது அரிதாயிற்று. இச்சூழலில் பலர் மின்சாரச் சோற்றுப் பானை செய்ய முயன்றனர். அவர்களுள் ஒருவர் மசாரு இபுகா. அவர் தோக்கியோவில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பிற்காலத்தில் சோனி என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றது. மரத்தொட்டியின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி அவர்கள் செய்த குக்கரில் ஒருமுறை சோறு குழைந்தது, மறுமுறை வேகாமல் நின்றது. அரிசியின் தரமும் தண்ணீரின் அளவும் சற்று மாறினாலும் விளைவு மாறியதால் அதை விற்பனைக்குக் கொண்டுவர இயலவில்லை.

அதே காலத்தில் மிட்சுபிஷி நிறுவனம் அலுமினியப் பானைக்குள் வெப்பச்சுருள் வைத்த குக்கரைத் தயாரித்தது. அதற்குத் தானாக நிற்கும் வசதி இல்லை. விறகுக்குப் பதில் மின்சாரம் எரிந்ததே தவிர, சமைப்பவர் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தது.

யமாதாவின் கேள்வி

தோஷிபா நிறுவனத்தின் வீட்டு மின்கருவிப் பிரிவில் ஷோகோ யமாதா என்பவர் பணியாற்றினார். சலவை இயந்திரங்களை விற்பதற்காக ஊர் ஊராகச் சென்று செயல்விளக்கம் காட்டியபோது, வீட்டு வேலைகளில் எது மிகவும் கடினம் என்று பெண்களிடம் கேட்டார். துணி துவைப்பது என்ற விடையை எதிர்பார்த்தவருக்கு, நாள்தோறும் சோறு ஆக்குவதுதான் கடினம் என்ற விடை கிடைத்தது. துணியை நாளைக்குத் துவைத்துக்கொள்ளலாம். சோற்றைத் தள்ளிப்போட முடியாது.

இந்த விடையுடன் யமாதா யோஷிததா மினாமியை அணுகினார். மினாமி தோஷிபாவுக்கு மின்சார வெந்நீர்க் கருவிகளைச் செய்துகொடுத்த ஒப்பந்தத் தொழில்முனைவோர். அவருடைய சிறு தொழிற்கூடத்துக்கு அப்போது போதிய வேலை இல்லை. புதிய பொருள் ஒன்று கிடைத்தால் தொழிலைக் காப்பாற்றலாம் என்று அவர் இந்தப் பணியை ஏற்றார். வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டினார்.

மினாமிக்கு இயந்திரம் தெரியும். சோறு ஆக்கத் தெரியாது. ஆகவே சோற்றைப் பற்றிய ஆய்வு அவருடைய மனைவி ஃபூமிகோவின் பொறுப்பாயிற்று.

ஃபூமிகோவின் சோதனைகள்

ஃபூமிகோ விறகடுப்பிலும் கரியடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் மீண்டும் மீண்டும் சோறு ஆக்கினார். ஒவ்வொரு முறையும் அரிசியின் அளவு, தண்ணீரின் அளவு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். பிள்ளைகளை வளர்த்து, வீட்டு வேலைகளையும் கவனித்துக்கொண்டே இதைச் செய்தார். இவ்வேலை ஏறத்தாழ 3 ஆண்டுகள் நீண்டது.

இச்சோதனைகளிலிருந்து ஒரு விதி கிடைத்தது. பானை கொதிநிலையை எட்டியபின் ஏறத்தாழ 98 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 20 நிமிடம் இருந்தால் அரிசியிலுள்ள மாவுப்பொருள் முழுவதும் வெந்து, எளிதில் செரிக்கக்கூடிய நிலையை அடைகிறது. அதற்குக் குறைந்தால் அரைவேக்காடு. அதற்கு மேல் போனால் குழைவும் அடிப்பிடிப்பும் வரும். தலைமுறைகளாக வாய்மொழியில் இருந்த கைப்பக்குவம் இவ்வாறு 2 எண்களாயிற்று.

ஆனால் அந்த 20 நிமிடத்தை எப்படி அளப்பது? சாதாரண நேரமானியைப் பொருத்தினால் போதாது. 2 பேருக்கு ஆக்கும்போது பானை விரைவில் கொதிக்கும். 6 பேருக்கு ஆக்கும்போது தாமதமாகும். கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், குளிர்காலத்தில் பனிபோலவும் இருக்கும். நேரத்தைக் கணக்கிடத் தொடங்க வேண்டிய கணமே நாளுக்கு நாள் மாறியது.

இரட்டைப் பாத்திர முறை

இச்சிக்கலுக்கு மினாமி கண்ட தீர்வு தண்ணீரையே கடிகாரமாகப் பயன்படுத்தியது. பெரிய பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரம் வைக்கப்பட்டது. உள்பாத்திரத்தில் அரிசியும் அதற்குரிய தண்ணீரும் இருக்கும். வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளை தண்ணீரைத் தனியாக ஊற்ற வேண்டும். வெப்பச்சுருள் வெளிப்பாத்திரத்தைச் சூடாக்கும்.

கொதிக்கும் தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. கூடுதலாகத் தரப்படும் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும் என்பது பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியல் விதி. ஒரு குவளைத் தண்ணீர் ஆவியாகித் தீர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்படி அளவு அமைக்கப்பட்டது. தண்ணீர் தீர்ந்த உடனே வெளிப்பாத்திரத்தின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டி விரைவாக ஏறும். அந்த ஏற்றத்தை ஈருலோகத் தகடு உணரும்.

ஈருலோகத் தகடு என்பது வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் 2 உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சூடேறும்போது ஒரு பக்கம் கூடுதலாக விரிவதால் பட்டை வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். கொள்கை எளிதாயினும், கோடையிலும் குளிரிலும் ஒரேபோல இயங்கும் தகட்டை அமைப்பது எளிதாக இல்லை. வெயிலிலும் குளிரிலும் ஈரத்திலும் குக்கரை வைத்து ஃபூமிகோ மீண்டும் சோதித்தார். ஹொக்கைதோ போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் பாத்திரத்தின் வெப்பம் வெளியே கசிந்து சோறு கெட்டது. வெளிச்சுவருடன் சேர்த்து மூன்றடுக்காகக் கட்டி, இடையில் காற்றை அடைத்து, இக்குறை சரிசெய்யப்பட்டது.

1955: விற்பனைக்கு வந்தது

1955ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ‘ஈ.ஆர்.-4’ என்னும் மாதிரி வெளிவந்தது. வெள்ளை நிறம், உருண்டை வடிவம், 600 வாட் மின்திறன் கொண்ட அதில் 6 ‘கோ’ அரிசி ஆக்கலாம். ‘கோ’ என்பது ஜப்பானிய முகத்தலளவை. 1 கோ ஏறத்தாழ 180 மில்லிலிட்டர். விலை 3,200 யென். பட்டப்படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. முதலில் 700 குக்கர்களே செய்யப்பட்டன.

தொடக்கத்தில் கடைக்காரர்கள் தயங்கினர். சோறு ஆக்குவது இல்லத்தரசியின் கடமை, அந்த நேரத்தில் உறங்க நினைப்பது சோம்பல் என்ற எண்ணமும் சமூகத்தில் இருந்தது. யமாதா சலவை இயந்திரத்துக்குச் செய்ததுபோலவே ஊர்களுக்குச் சென்று, மக்கள் முன்னிலையில் சோறு ஆக்கிக் காட்டினார். மின்சாரம் வழங்கும் நிறுவனங்களும் விற்பனையில் கைகொடுத்தன. நேரமானியை இணைத்துவிட்டால் இரவில் அரிசி போட்டு வைத்து, காலையில் எழும்போது சூடான சோற்றைப் பெறலாம் என்பது பெண்களைக் கவர்ந்தது. விடியுமுன் எழுந்துகொண்டிருந்தவர்களுக்கு அது கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேர உறக்கம்.

விரைவிலேயே உற்பத்தி மாதத்துக்கு 2 இலட்சம் என்ற அளவை எட்டியது. வெளிவந்த 4 ஆண்டுகளில் ஜப்பானிய வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் மின்சார ரைஸ் குக்கர் இடம்பிடித்தது.

ஒற்றைப் பாத்திரமும் காந்தமும்

இரட்டைப் பாத்திர முறையில் ஒரு குறை இருந்தது. வெளித் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதில் மின்சாரமும் நேரமும் கூடுதலாகச் செலவாயின. ‘நேஷனல்’ என்ற வணிகப் பெயரில் பொருள்களை விற்ற மட்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) 1956ஆம் ஆண்டு தன் குக்கரை வெளியிட்டது. தத்சுநோசுகே சகமோதோ என்பவர் அந்நிறுவனத்தின் குக்கர் பணியை முன்னின்று நடத்தினார். அவர்கள் வெளித் தண்ணீர் இன்றி, வெப்பத்தட்டின் மேல் பாத்திரத்தை நேரடியாக வைக்கும் முறையைப் பின்பற்றினர்.

இம்முறையில் பாத்திரத்துக்குள் இருக்கும் தண்ணீரே கடிகாரம். அரிசி தண்ணீரை உறிஞ்சி முடிக்கும் வரை பாத்திரத்தின் அடி 100 பாகையை ஒட்டியே இருக்கும். தனித்த தண்ணீர் தீர்ந்ததும் அடியின் வெப்பம் ஏறும். உடனே விசை விடுபடும்.

இந்த ஏற்றத்தை உணர ஈருலோகத் தகட்டுக்குப் பதிலாகக் காந்த முறை பின்னர் பரவலாயிற்று. எந்தக் காந்தப் பொருளும் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். அதற்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளின் கலவையை மாற்றி, கியூரி வெப்பநிலையை 100 பாகைக்குச் சற்று மேலே அமைக்க முடியும். இப்பொருளை 1930ஆம் ஆண்டு தோக்கியோவில் யோகோரோ கதோ, தகேஷி தகேய் ஆகிய இருவர் உருவாக்கியிருந்தனர். குக்கரின் நடுவிலுள்ள வட்டமான உணரியில் ஃபெரைட்டும் ஒரு நிலைக்காந்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெப்பம் எல்லையைத் தாண்டியதும் ஃபெரைட் ஈர்ப்பை இழக்கும். சுருள்வில் காந்தத்தைக் கீழே தள்ளும். ‘டக்’ என்ற ஓசையுடன் விசை மேலேறும். இன்று வீடுகளில் கேட்கும் அந்த ஓசை இதுதான்.

இரட்டைப் பாத்திர முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தைவானின் தாத்துங் நிறுவனம் தோஷிபாவின் துணையுடன் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட குக்கரில் இன்றும் வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

ஆசியாவில் பரவியது

ஜப்பானுக்கு வெளியே ரைஸ் குக்கர் முதலில் பெருவாரியாகப் பரவிய இடங்களில் ஒன்று ஹாங்காங். அங்கு மட்சுஷிதாவின் முகவராக இருந்த வில்லியம் மோங், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேஷனல் குக்கரை அறிமுகப்படுத்தினார். சீன மக்கள் உண்ணும் நீளரிசிக்கும் அவர்களின் சமையல் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றங்கள் செய்யப்பட்டன. சோற்றின் மேலேயே இறைச்சித் துண்டுகளை வைத்து அவிப்பது ஹாங்காங் வழக்கம். அவற்றை எப்போது வைப்பது என்று பார்த்தறிய மூடியில் சிறு கண்ணாடிச் சாளரம் வைக்கப்பட்டது.

ஒவ்வொரு நாடும் தன் சோற்றுக்கு ஏற்பக் குக்கரை மாற்றிக்கொண்டது. ஈரானில் சோற்றின் அடிப்பகுதி பொன்னிறமாக முறுகி ஒட்டியிருப்பது விருந்துக்குரிய சுவை. அங்கு விற்கப்படும் குக்கர்கள் அந்த அடியை வேண்டுமென்றே முறுகவைக்கின்றன. கொரியாவில் 1980களில் ஜப்பானிலிருந்து யானை முத்திரை கொண்ட ஜோஜிருஷி குக்கரை வாங்கிவருவது பெருமையாகக் கருதப்பட்டது. அங்கு 1998ஆம் ஆண்டு அறிமுகமான குக்கூ என்னும் உள்நாட்டு வணிகப்பெயர், அழுத்தத்தில் வேகவைக்கும் குக்கர்களுக்குப் புகழ் பெற்றது.

பிற்கால வளர்ச்சி

1970ஆம் ஆண்டு ஜோஜிருஷி நிறுவனம் சோற்றை மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் கலத்தை வெளியிட்டது. 1972ஆம் ஆண்டு மிட்சுபிஷி, சமைப்பதையும் சூடு காப்பதையும் ஒரே கருவியில் இணைத்தது. வெவ்வேறு நேரங்களில் வீடு திரும்புவோர் அனைவருக்கும் சூடான சோறு கிடைக்க இது வழிசெய்தது.

1979ஆம் ஆண்டு முதல் நுண்கணினி பொருத்திய குக்கர்கள் வந்தன. ஊறவைத்தல், சூடேற்றுதல், கொதித்தல், புழுங்கவிடுதல் ஆகிய படிகளை வெப்ப உணரிகளின் உதவியுடன் இவை தனித்தனியே நடத்துகின்றன. பழைய விறகடுப்பின் இளந்தீ, பெருந்தீ முறையைத்தான் நுண்கணினி மீண்டும் செய்கிறது.

1988ஆம் ஆண்டு மட்சுஷிதா தூண்டல் முறைக் குக்கரை வெளியிட்டது. இதில் வெப்பத்தட்டு கிடையாது. கம்பிச்சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலத்தால் பாத்திரமே சூடாகிறது. அடியில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் வெப்பம் பரவுவதால் சோறு சீராக வேகிறது. 1990களில் அழுத்தமும் தூண்டலும் சேர்ந்த குக்கர்கள் வந்தன. 2006ஆம் ஆண்டு மிட்சுபிஷி கரியைக் குடைந்து செய்த உள்பாத்திரத்துடன் ஏறத்தாழ 1 இலட்சம் யென் விலையில் ஒரு குக்கரை விற்றது. உழைப்பைக் குறைக்க வந்த கருவி, பழைய அடுப்புச் சோற்றின் சுவையைத் திரும்பப் பெறுவதற்கான கருவியாகவும் மாறியது.

தமிழர் சமையலறையில்

தமிழ்நாட்டில் ரைஸ் குக்கர் ஜப்பானைப்போல் ஒரே பாய்ச்சலில் பரவவில்லை. இங்கு நிறையத் தண்ணீரில் அரிசியைக் கொதிக்கவிட்டு, பதம் பார்த்து, கஞ்சியை வடிப்பதே பழைய வழக்கம். தண்ணீரை அளந்து ஊற்றும் தேவை வடிசோற்றில் இல்லை. வடித்த கஞ்சிக்கும் பயன் இருந்தது. பிறகு வந்த பிரஷர் குக்கர் சோற்றையும் பருப்பையும் ஒரே நேரத்தில் வேகவைத்தது, மின்தடையாலும் பாதிக்கப்படவில்லை. எரிவாயு அடுப்புடன் சேர்ந்து அது வீடுகளில் நிலைத்துவிட்டது.

ஜப்பானிய முறை குக்கர், வடிக்காத சோற்றுக்காக உருவானது. அது உண்ணப்படும் பச்சரிசிக்கு உடனே பொருந்தியது. புழுங்கலரிசி, நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவித்து உலர்த்தப்பட்டதால் இறுகியிருக்கும். அது வேகத் தண்ணீரும் நேரமும் கூடுதலாக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் பச்சரிசி அளவில் தண்ணீர் ஊற்றியவர்களுக்குக் குக்கர் சோறு விறைப்பாகவே கிடைத்தது.

1988ஆம் ஆண்டு மட்சுஷிதா குழுமத்தின் இந்தியக் கூட்டு நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டு, ரைஸ் குக்கர்களை இங்கேயே தயாரித்தது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலும், புலம்பெயர்ந்து வாழும் நாடுகளிலும் உள்ள தமிழர் வீடுகளில் ரைஸ் குக்கர் அன்றாடப் பொருளாகிவிட்டது. தமிழ்நாட்டில் தனியாக வசிக்கும் முதியோர், மாணவர், இருவரும் வேலைக்குச் செல்லும் தம்பதியர் ஆகியோரிடம் இதன் பயன்பாடு கூடுதல்.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்துக் குக்கரும் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆகவே எந்த வகை யாருக்குத் தேவை என்று பார்த்து வாங்கலாம்.

விசையும் காந்த உணரியும் மட்டும் உள்ள எளிய வகை விலை குறைந்தது, பழுது குறைவு, பழுதானாலும் எளிதில் சரிசெய்யலாம். தமிழர் உண்ணும் பொன்னி, சம்பா போன்ற அரிசிகளுக்கும் புழுங்கலரிசிக்கும் இதுவே போதும். இரவில் போட்டுக் காலையில் எடுக்க விரும்புவோருக்கும், கஞ்சி, கைக்குத்தல் அரிசி என்று பலவகையாகச் சமைப்போருக்கும் நுண்கணினி வகை உதவும். தூண்டல் வகையும் அழுத்த வகையும் ஒட்டும் தன்மையுள்ள குட்டையரிசியில்தான் தம் சிறப்பை முழுமையாகக் காட்டும். உதிரியான சோற்றை விரும்பும் வீட்டில் அவற்றின் விலைக்கேற்ற வேறுபாடு தெரியாமல் போகலாம்.

கொள்ளளவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் ஆக்கக்கூடிய அரிசியின் அளவை லிட்டரில் குறிக்கின்றன. சில நிறுவனங்கள் பாத்திரத்தின் முழுக் கொள்ளளவைக் குறிக்கின்றன. பெரிய குக்கரில் மிகக் குறைந்த அரிசி போட்டால் அடி வேகமாகக் காய்ந்து சோறு சரியாக வேகாது. எனவே விருந்தாளிகளை நினைத்து வாங்காமல், அன்றாடத் தேவையைக் கணக்கிட்டு வாங்குவது நல்லது.

உள்பாத்திரம் கனமாகவும், அடி நெளிவின்றியும் இருக்க வேண்டும். வெப்பத்தட்டுடன் முழுவதும் பொருந்தாத பாத்திரத்தில் சோறு ஒருபக்கம் குழைந்து மறுபக்கம் விறைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, மண்ணிணைப்புள்ள மூன்றுமுனைச் செருகி, மாற்றுப் பாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த குக்கரை இங்கு நேரடியாகச் செருகினால் அது எரிந்துவிடும்.

பயன்படுத்தும் முறை

குக்கருடன் வரும் அளவுக்குவளை பெரும்பாலும் 180 மில்லிலிட்டர் கொண்டது. பழைய ஜப்பானிய ‘கோ’ அளவின் எச்சம் அது. பாத்திரத்தின் உட்புறக் கோடுகள் அந்தக் குவளைக்கு ஏற்பவே போடப்பட்டவை. வேறு டம்ளரில் அரிசியை அளந்துவிட்டுக் கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கணக்குத் தவறும்.

எளிய வகைக் குக்கரில் தண்ணீரே கடிகாரம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கூடுதல் நேரம் வேக வேண்டிய அரிசிக்குக் கூடுதல் தண்ணீர் ஊற்றுவதே அந்த நேரத்தைத் தரும். பச்சரிசிக்கு 1 பங்குக்கு 2 பங்கு, புழுங்கலரிசிக்கு 1 பங்குக்கு ஏறத்தாழ 3 பங்கு என்று தொடங்கி, அரிசியின் பழமைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைப்பது நல்லது.

அரிசியை வேறு பாத்திரத்தில் களைந்தால் உள்பாத்திரத்தின் ஒட்டாப் பூச்சு நீடிக்கும். பாத்திரத்தின் வெளி அடியைத் துடைத்துவிட்டே உள்ளே வைக்க வேண்டும். வெப்பத்தட்டின் மேல் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரமும் உணரியும் சரியாகப் பொருந்தாமல், விசை தவறான நேரத்தில் விடுபடும். குக்கர் கெட்டுவிட்டது என்று எண்ணப்படும் பல வேளைகளில் காரணம் இதுவே.

விசை மேலேறியவுடன் மூடியைத் திறக்காமல் 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பழைய அடுப்பில் தணலில் புழுங்கவிட்ட படி இது. அதன்பின் மரக்கரண்டியாலோ குக்கருடன் வந்த கரண்டியாலோ சோற்றை மெல்லக் கிளறிவிட்டால் ஆவி வெளியேறி உதிரியாகும். விசை நிற்கவில்லை என்று அதை மீண்டும் மீண்டும் அழுத்திப் பிடிக்கக்கூடாது.

மிஞ்சிய சோற்றை அணைத்த குக்கரிலேயே நெடுநேரம் வைப்பது தீங்கு. வெந்த சோற்றிலும் அழியாமல் தங்கும் சில நுண்ணுயிர் வித்துகள் வெதுவெதுப்பான சூழலில் பெருகி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சோற்றை 60 பாகைக்கு மேல் சூடாகவே வைக்க வேண்டும். இல்லையேல் விரைவில் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கோடையில் நேரமானியை நம்பி அரிசியை 8 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் ஊறவிடுவதும் நல்லதன்று.

மதிப்பீடு

ரைஸ் குக்கர் வீட்டு வேலைகள் அனைத்தையும் நீக்கிவிடவில்லை. அரிசி களைவதும் குழம்பு வைப்பதும் பாத்திரம் துலக்குவதும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே உள்ளன. ஆனால் அடுப்பின் முன் காத்து நிற்க வேண்டிய நேரத்தை அது திருப்பித் தந்தது. சோறு ஆக்கும் பக்குவம் எண்களாகிவிட்டதால், அடுப்படிக்குள் நுழையாத ஆண்களும் சிறுவர்களும்கூட ஒருவேளைச் சோற்றைத் தாமே ஆக்கிக்கொள்ள முடிந்தது.

இக்கருவியின் வரலாற்றில் நிறுவனத்தின் பெயரே நெடுங்காலம் முன்னின்றது. ஃபூமிகோ மினாமியின் பங்கை ஜப்பானிய மக்கள் பரவலாக அறிந்தது, 2000களின் தொடக்கத்தில் அந்நாட்டின் என்.எச்.கே. தொலைக்காட்சி ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்னும் தொடரில் இக்கதையை ஒளிபரப்பிய பிறகே. அவர் பொறியியல் படித்தவர் அல்லர். நாள்தோறும் செய்த வேலையை அளந்து எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்த 98 பாகையும் 20 நிமிடமும்தான் முதல் தானியங்கிக் குக்கருக்கு அடிப்படையாயின.